கெழக்கால எட்டுப் பலகை

மார்கழிப் பட்டத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டவங்களுக்குத் தெரியும், மொளைக்கிற நேரத்துல தண்ணி ஒரு முறை தப்பிச்சின்னா அப்புறம் தலைகீழா நின்னாலும் செடி தேறாது. போன மார்கழியில பழனிவேலு கொல்லை அப்படித்தான் கெடந்துச்சி. ஒரு பாத்தி மொளைச்சிருந்தா ஒரு பாத்தி சொட்டையா இருக்கும். நான் கொளஞ்சியம்மா, அவுங்க கொல்லைக்கு அடுத்த கொல்லை என்னுது. திருவதிகையிலேர்ந்து மேக்கால கெடில ஆத்தை ஒட்டிப் போனீங்கன்னா எங்க ஊரு வரும். அடுத்தவங்க வீட்டு வம்பு எனக்கு வேணாம்னு இருக்கறவதான் நானு. ஆனா வரப்புக்கு அந்தாண்ட நடக்கறது கண்ணுல படாம இருக்க, நான் என்னா கண்ணைக் கட்டிக்கிட்டா களை வெட்டறேன்?

பழனிவேலு மங்கலம்பேட்டைக்காரரு. எங்க ஊரு மலர்க்கொடியைக் கட்டிக்கிட்டு இங்கயே தங்கிட்டாரு. மலர்க்கொடியோட அப்பா கண்ணை மூடறதுக்கு முன்ன, பொண்ணுக்கும் சரிபாதின்னு கொல்லையை ரெண்டா எழுதிட்டுப் போனாரு. கெழக்குப் பாதி மலர்க்கொடிக்கு, மேக்குப் பாதி அவ தம்பி இளவரசுக்கு, நடுவுல இருக்கற போர்க் கெணறு பொதுவு. உச்சிக்கு முன்ன அக்கா முறை, உச்சிக்கு அப்புறம் தம்பி முறை. இளவரசு ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, அக்காளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்னான். ஊரே அவனை மெச்சிச்சி. பழனிவேலு மட்டும் என்கிட்ட வந்து, "இவ்ளோ சுளுவா ஒருத்தன் விட்டுக்குடுக்கறான்னா உள்ளுக்குள்ள என்னா இருக்குதோ அத்தே"ன்னாரு. அவருக்குச் சந்தேகம் வர்றதுக்குக் காரணம்னு ஒண்ணு தேவையே இல்ல.

பொண்டாட்டி ஊர்ல வந்து ஒக்காந்த ஆம்பளைக்கு ஒரு பயம் இருக்கும்போல. எது தன்னுது, எது அவுங்களுதுன்னு எந்நேரமும் ஒரு கணக்கு. அதுக்கு அவரு கண்டுபிடிச்ச வழி, பேர் வெட்டறது. நம்ம ஜனங்க சீர்க் கொடத்துலயும் அண்டாவுலயும் பேர் வெட்டறது வழக்கந்தான். பண்ருட்டி பாத்திரக்கடை வாசல்ல மிஷினை வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரே நசீர் பாய், அவர்கிட்டதான் எல்லாரும் வெட்டுவோம். பழனிவேலு அதோட நிக்கல. மம்முட்டி, கடப்பாரை, பால் கேனு, மருந்தடிக்கிற மிஷினு, கூழ் ஊத்திக்கிட்டுப் போற தூக்கு எல்லாத்துலயும் 'மங்கலம்பேட்டை மு. பழனிவேல்'. மாடு ஒண்ணுதான் பாக்கின்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். சிரிச்சிக்கிட்டே போயிடுவாரு, கோவம் வராது.

ஏழு வருசத்துக்கு முன்ன மானியத்துல சோலார் மோட்டாரு வந்துச்சி. பேனலுன்னு சொல்றாங்க, எங்களுக்குப் பலகைதான். மொத்தம் பதினாறு. கொல்லையில நிறுத்தற அன்னைக்கி வரைக்கும் மலர்க்கொடி வீட்டுலதான் அடுக்கி வெச்சிருந்தாங்க. பழனிவேலு ஒடனே பாகம் பிரிச்சிட்டாரு. கெழக்கால எட்டு அக்காளுது, மேக்கால எட்டு தம்பிது, அவுங்கவுங்க பலகையை அவுங்கவுங்கதான் பாத்துக்கணும்னு. எறக்கி வெக்க வந்த கம்பெனி ஆளு சிரிச்சிட்டான். எல்லாம் ஒரே லைனு, ஒண்ணோட ஒண்ணு கோத்துதான் கரண்டு வரும், இதுல பாகம் பிரிச்சி என்னா பண்ணப் போறீங்கன்னு கேட்டான். வருசத்துக்கு நூத்துல அரைப் பங்கு தானா கொறையும், அது பலகைக்கு வயசாவறது, மத்தபடி இருபத்தஞ்சு வருசம் ஓடும்னும் சொன்னான்.

பழனிவேலு காதுல அதெல்லாம் ஏறல. மறுநாளே பண்ருட்டிக்குப் போயி நசீர் பாயை மிஷினோட டிவிஎஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. முன்னால கண்ணாடி, அதுல வெட்ட முடியாது. பின்பக்கம் வெள்ளையா ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதுல வெட்டச் சொன்னாரு. நான் அப்ப அங்க மோர் வாங்கப் போயிருந்தேன். பாய் வெரலால தடவிப் பாத்துட்டு, இது பித்தளை மாதிரி இல்ல, தோலாட்டம் இருக்குது, லேசாக் கீறி வுட்ரவான்னு கேட்டாரு. "லேசாக் கீறுனா தேய்ச்சி அழிச்சிடுவானுங்க பாய். ஆழமா வெட்டு"ன்னாரு இவரு. எட்டுப் பலகை முதுவுலயும் பேரு ஏறிச்சி. இளவரசு அதைப் பாத்துட்டு, "நல்லா இருக்குது மாமா, எழுத்து அழகா இருக்குது"ன்னான். அவன் மனசுல ஒண்ணும் கெடையாது, கேலிகூட பண்ணல.

நாலஞ்சு வருசம் நல்லாத்தான் ஓடிச்சி. வெயில் ஏறுனா பைப்பு நெறைய தண்ணி கொட்டும். உச்சிப் பொழுதுக்கு மலர்க்கொடி தூக்குல சோறும் கருவாட்டுக் கொழம்பும், இல்லன்னா கேவுரு கூழும் மொச்சக்கொட்டையும் எடுத்துக்கிட்டு வருவா. பழனிவேலு முறை முடியற நேரமும் இளவரசு முறை ஆரம்பிக்கிற நேரமும் அதுதான். மோட்டார் கொட்டாய் நெழல்ல மூணு பேரும் ஒக்காந்து சாப்புடுவாங்க. சாப்புட்டு எழுந்திரிச்சா இளவரசு மடையை மேக்கால திருப்பிக்குவான். இளவரசு பொண்டாட்டி திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டதால அவனுக்கும் அக்கா கை சோறுதான். அந்த நேரத்துல அவுங்க பேச்சும் சிரிப்பும் எங்க கொல்லை வரைக்கும் கேக்கும்.

அப்புறந்தான் தண்ணி கொஞ்சங்கொஞ்சமா கொறைய ஆரம்பிச்சிச்சி. போன மார்கழியில பாத்தா புதுக் கூத்து. காலையில பனி எறங்கி, பலகை மேல தண்ணி முத்து முத்தா நிக்கும். பழனிவேலு சுவிச்சைப் போட்டா மோட்டார் சுவிச்சுப் பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சி மோட்டாரு நின்னுடும். மறுபடி போட்டா மறுபடி நிக்கும். வெயில் நல்லா ஏறி பனி காஞ்ச பின்னாலதான் மோட்டாரு எடுக்கும். அதுக்குள்ள இவரு முறையில பாதி போயிடும். உச்சிக்கு அப்புறம் இளவரசு போட்டா ஒரு மொனவலும் இல்லாம ஓடும். இப்ப சொல்லுங்க, சந்தேகமே இல்லாத மனுசனுக்கும் இதுல ஒரு சந்தேகம் வருமா வராதா? இவருக்குக் கேக்கணுமா?

பொட்டி கதவுல தலைமுடியை ஒட்டி வெச்சிப் பாத்தாரு, யாராவது தொறந்தா அறுந்துடும்னு. கொட்டாயைச் சுத்தி சாம்பலைத் தூவி வெச்சாரு, கால் தடம் பாக்க. நாய் தடம்தான் இருந்துச்சி. என்கிட்ட வந்து, அத்தே நீ இங்கதான இருக்கற, அவன் வந்தா ஒரு கண்ணு வெச்சிப் பாருன்னாரு. எனக்கு வேற வேலை இல்லையான்னு வெரட்டி வுட்டேன். இதுல பலகையை வேற உத்துப் பாக்க ஆரம்பிச்சாரு. இளவரசு எட்டும் நீலமா பளபளன்னு இருக்குது. இவரு எட்டுலயும் பழுப்புப் பழுப்பா திட்டு. பின்னால போயிப் பாத்தாரு, பேரு இருக்குது. ஆக, பலகையை மாத்தல. அப்ப வேற என்னாவோ பண்ணியிருக்கான்னு முடிவுக்கு வந்துட்டாரு.

ஒரு நாள் விடிஞ்சும் விடியாம இவரு போயிப் பாத்திருக்காரு. இளவரசு முதுவுல மருந்தடிக்கிற மிஷினோட கெழக்கால பலகைங்க மேல அடிச்சிக்கிட்டு இருக்கான். அன்னைக்கி உச்சி வரைக்கும் மோட்டாரு எடுக்கவே இல்ல. போச்சா? கோரைக்கு மருந்தடிச்சா எல பழுப்பேறிக் காயுதில்ல, அதே மருந்தைப் பலகைக்கும் அடிச்சிட்டான், அதான் பழுப்புன்னு இவரு ஒரே அடியா சாதிச்சிட்டாரு. விவசாயம் பண்ற புத்தி பின்ன எங்க போவும்?

சோத்து நேரத்துக்குக் கொட்டாயாண்ட சண்டை. நான் களைவெட்டியைப் போட்டுட்டு வரப்பு வரைக்கும் போயிட்டேன்.

"எதுக்கு மச்சான் என் பலகைக்கு மருந்தடிச்ச?"

"மருந்தா? தண்ணி மாமா அது. அக்கா பலகை மேல ஒரே புழுதியா இருந்துச்சி. எனக்கு அடிக்கறப்பல்லாம் அதுக்கும் சேத்துதான் அடிப்பேன்."

"என் பலகையை நீ எதுக்குத் தொடற? ஒன்னை நான் கூப்புட்டனா?"

"இதுல என்னா மாமா ஒன்னுது என்னுது..."

"அதான பாத்தேன். மொத்தமும் ஒன்னுதுன்னுதான ஒனக்கு நெனப்பு? ஒங்கப்பன் எழுதிக் குடுத்த அன்னைக்கிலேர்ந்து அதான ஒன் வயித்துல எரியுது?"

இளவரசு மூஞ்சி செத்துப் போச்சி. மலர்க்கொடி தூக்கைக் கீழ வெச்சா. இத்தினி வருசம் பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டவனைப் பாத்து இதைச் சொல்ல வாய் எப்படி வந்துச்சின்னு அவ கேட்டதுக்கு, இவரு ஒன் தம்பிக்கி நீ பரிஞ்சி பேசாமயா இருப்பேன்னாரு. அன்னையிலேர்ந்து ஒண்ணா ஒக்காந்து சாப்புடறது நின்னுச்சி. கம்பெனிக்கு போனு போட்டு ஆள் அனுப்பச் சொல்லலாம்னு இளவரசு சொன்னான், அவனே கடலூர் முதுநகர்ல இருக்கற ஆபீசுக்குப் போயி எழுதியும் குடுத்துட்டு வந்தான். பொங்கல் கழிச்சி வர்றோம்னுட்டாங்க. அது வரைக்கும் பொறுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. இவரு எங்க பொறுத்தாரு? நாலு பேரைக் கூட்டி, திரௌபதையம்மன் கோயில்ல அவன் கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணட்டும், நான் ஒத்துக்கறேன்னுட்டாரு.

எங்க ஊர்ல அது லேசான காரியம் இல்லைங்க. சத்தியம் பண்ணிட்டா பிரச்சினை தீந்துடும், அது வரைக்கும் சரி. ஆனா சத்தியம் கேட்டவங்களுக்கும் பண்ணவங்களுக்கும் அதுக்கப்புறம் கொடுக்கல் வாங்கல் கூடாது. சோறு, தண்ணி, நெருப்பு எதுவும் ஒருத்தர் கையால இன்னொருத்தர் வாங்கக் கூடாது. மீறுனா குடும்பத்துக்கு ஆவாதுன்னு ஒரு பயம். எங்க தெருவுலயே பேசாம கெடக்கற பங்காளிங்க உண்டு. ரெண்டு பேரும் மனசு ஒத்து வந்து அம்மன் முன்னால நின்னு மஞ்சத் தண்ணி தெளிச்சி முறிச்சாத்தான் தீரும்.

மலர்க்கொடி என்கிட்ட வந்து அழுதா. அவளுக்கு ஒரே மொவ ஸ்ரீமதி, சிதம்பரத்துல நர்சு வேலை பாக்குது. வைகாசியில கல்யாணம் வெச்சிருக்காங்க. தாய்மாமன் மாலை போட்டுத்தான் பொண்ணு மணையேறணும். சத்தியம் நடந்துட்டா இளவரசு பந்தக்காலு பக்கம்கூட வர முடியாது. "எனக்குன்னு பொறந்த வீட்டுல மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான் அத்தே. அவனையும் என்கிட்டேர்ந்து பிரிச்சிடுவாரு போல"ன்னா. புருசன்கிட்ட கெஞ்சியும் பாத்திருக்கா. தப்பு பண்ணலன்னா சத்தியம் பண்ண என்னா பயம்னு கேட்டாராம்.

வெள்ளிக்கெழம கோயிலாண்ட பாதி ஊரு கூடிடுச்சி. நானும் போனேன், பொய் சொல்லல. இளவரசு குளிச்சிட்டு ஈர வேட்டியோட வந்து நின்னான். பூசாரி தட்டுல கற்பூரத்தை வெச்சிக் கொளுத்துனாரு. பழனிவேலு கையைக் கட்டிக்கிட்டு எதிர்ல நின்னாரு. இளவரசு கையைத் தூக்குனான். மலர்க்கொடி கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து அவன் கையைத் தட்டி வுட்டா.

"நீ தள்ளு. நான் பண்றேன்."

பூசாரி தடுமாறிப் போனாரு. பொம்பளைங்க சத்தியம் பண்ற வழக்கம் இல்லையே மலரு, ஒனக்கு எதுக்குன்னாரு.

"திரௌபதையம்மன் கோயில்ல நின்னுகிட்டா இதைச் சொல்றீங்க?" மலர்க்கொடி பூசாரியை நேராப் பாத்துக் கேட்டா. "பலகை என் பேர்ல இருக்கற கொல்லையில இருக்குது. நஷ்டப்பட்டவ நானு. என் தம்பி ஒரு தப்பும் பண்ணலன்னு நான் சொல்றேன், சத்தியத்துக்கு அது போதாதா?"

பழனிவேலு ஒரு அடி முன்ன வந்தாரு. தடுக்கத்தான் வர்றாருன்னு நான் நெனச்சேன். "நீயும் அவனும் கூட்டா?"ன்னு கேட்டாரு. நாசமாப் போறவரே, அதையா கேப்பாங்க? மலர்க்கொடி அவரை ஒரு பார்வை பாத்தா. என் தம்பி இளவரசு எங்க பலகைக்கு ஒரு கெடுதலும் பண்ணல, அப்படிப் பண்ணியிருந்தா அம்மன் என்னைக் கேக்கட்டும்னு சொல்லி, எரியற கற்பூரத்து மேல உள்ளங்கையை வெச்சி அணைச்சா. பழனிவேலு அவ கையையே பாத்துக்கிட்டு நின்னாரு.

அப்புறந்தான் பூசாரிக்கே ஒறைச்சிச்சி. கேட்டது யாரு, புருசன். பண்ணது யாரு, பொண்டாட்டி. கொடுக்கல் வாங்கல் அத்துப் போறது இவுங்க ரெண்டு பேருக்கும். கூட்டத்துல ஒண்ணு ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க, மத்தவங்களுக்குச் சிரிப்பு வரல. அம்மன் முன்னால பண்ணது பண்ணதுதான், நான் என்னா பண்ணட்டும்னு பூசாரி தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு. மலர்க்கொடி தம்பியை இட்டுக்கிட்டு வூட்டுக்கு நடந்தா. பழனிவேலு பின்னால தனியா வந்தாரு.

அன்னையிலேர்ந்து ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பு. அவ தனக்கும் தம்பிக்கும் ஆக்கி எடுத்துக்கிட்டு கொல்லைக்கு வருவா. இவரு தோட்டத்துப் பக்கம் மூணு கல்லைக் கூட்டி ஒரு சட்டியில சோறு பொங்கிக்குவாரு. ஒரு நாளு குழைஞ்சிடும், ஒரு நாளு வேகாது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, சோறு போடுன்னு ஒரு வார்த்தை அவரு கேட்டிருக்கலாம். கேக்கல. அம்மன் பயமும் இருந்துச்சி, வீம்பும் இருந்துச்சி. பொங்கலுக்கு வந்த ஸ்ரீமதி, அப்பா ஒரு மூலையில அம்மா ஒரு மூலையில பானை வெச்சதைப் பாத்துட்டு ஒரு வாய் சக்கரைப் பொங்கல்கூட சாப்புடாம சிதம்பரத்துக்கு பஸ் ஏறிடுச்சி.

பொங்கல் கழிச்சி கம்பெனியிலேர்ந்து ஒரு பையன் வந்தான். சித்தார்த்துன்னு பேரு, வந்ததுலேர்ந்து மூஞ்சியை உம்முன்னு வெச்சிக்கிட்டு இருந்தான். எத்தினியோ ஊரு அலைஞ்சிட்டு வந்திருக்கான் பாவம். மூணு பேரும் கொல்லையிலதான் இருந்தாங்க, நானும் போயி நின்னேன். மருந்தடிக்கிற மிஷின்ல நல்ல தண்ணி ரொப்பிக் குடுங்கன்னு கேட்டான். இளவரசு குடுத்தான். மொதல்ல மேக்கால எட்டுப் பலகையை முன்னயும் பின்னயும் நனைச்சிட்டு மோட்டாரைப் போட்டான், ஓடிச்சி. அப்புறம் கெழக்கால எட்டை நனைச்சான். பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சி மோட்டாரு நின்னுடுச்சி. பழனிவேலு, நான் அப்பவே சொன்னன்ல, அதுல மருந்து எறங்கியிருக்குதுன்னு ஆரம்பிச்சாரு. அவன் காதுல வாங்காம ஸ்பேனரைப் போட்டு ஒரு பலகையைக் கழட்டிக் கவுத்து வெச்சான்.

வெள்ளைத் தாள்ல 'மங்கலம்பேட்டை மு. பழனிவேல்' எழுத்து பூரா பழுப்பேறிக் கெடந்துச்சி. எழுத்து ஓரமெல்லாம் தாள் ஒரிஞ்சி சுருண்டு, உள்ள இருக்கற கம்பி கறுத்துப் போயித் தெரிஞ்சிச்சி.

"யாருங்க இதுல பேர் வெட்டுனது?"

பழனிவேலு பலகையாண்ட வந்து குனிஞ்சிப் பாத்தாரு.

"இந்தத் தாள்தாங்க பலகைக்குத் தோலு. இதைக் கீறிட்டா மழை, பனி எல்லாம் உள்ள எறங்கும். உள்ள இருக்கறது கொஞ்சங்கொஞ்சமா துரு ஏறி அரிச்சிடும். ஈரமா இருக்கறப்போ கரண்டு கசியும். ஆளுக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு பொட்டி தானா நிறுத்திடுது. காஞ்சிட்டா ஓடும். காலையில நிக்குது, மத்தியானம் ஓடுதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கல்ல, இதான் காரணம்."

"களைக்கொல்லி கிளைக்கொல்லி பட்டா இப்படி..." பழனிவேலு இழுத்தாரு.

"முன்னாடி கண்ணாடிங்க. கண்ணாடியில என்னா எறங்கும்? மேக்கால இவுரு பலகையைப் பாருங்க, வருசா வருசம் கொறைய வேண்டியது மட்டும்தான் கொறைஞ்சிருக்குது. தண்ணி அடிச்சிக் கழுவுறது நல்லதுதான். ஒங்க எட்டைத்தான் பேர் வெட்டி நீங்களே கெடுத்து வெச்சிருக்கீங்க. இதுக்கு கேரண்டிகூட செல்லாது."

ரொம்ப மோசமா இருந்ததைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, மிச்சத்துக்குப் பின்னால டேப்பு ஒட்டி, மாத்தற வரைக்கும் இதை வெச்சி ஓட்டிக்கங்கன்னு சொல்லிட்டு அவன் வண்டி ஏறிட்டான். பழனிவேலு கவுத்து வெச்ச பலகை மேல இருந்த தன் பேரை வெரலால தடவிக்கிட்டே ஒக்காந்திருந்தாரு.

எழுந்திரிச்சி இளவரசுகிட்ட போனாரு. மச்சான், நான் பேசுனதையெல்லாம் மனசுல வெச்சிக்காதன்னு கையைப் புடிச்சாரு. இளவரசு கையை வுட்டுக்கல, ஆனா தலையும் நிமிரல. "எனக்கு என்னா மாமா. சத்தியம் பண்ணது நான் இல்லையே. அக்காகிட்ட கேளுங்க"ன்னான்.

மலர்க்கொடி வாய்க்கா ஓரத்துல கை கழுவிக்கிட்டு இருந்தா. இவரு எதிர்ல போயி நின்னாரு. நான் போவலாமா நிக்கலாமான்னு தெரியாம நின்னுட்டேன்.

"வர்ற வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயி முறிச்சிட்டு வந்துடலாம் மலரு. ஸ்ரீமதியை தாரை வாத்துக் குடுக்கணும். நீ தண்ணி ஊத்தாம நான் எப்படிக் குடுக்கறது?"

"முறிக்கலாம். பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன வர்றேன்."

"இப்பவே போனா என்னா? நான்தான் தப்புன்னு தெரிஞ்சி போச்சே."

"பலகை விசயம் இன்னைக்கித் தெரிஞ்சி போச்சி. அந்தப் பையன் வந்து சொன்னான், தெரிஞ்சிக்கிட்டீங்க." அவ முந்தானையில கையைத் தொடைச்சா. "என் தம்பியை நீங்க நம்பலன்னுகூட நான் தாங்கிக்கிட்டேன். கோயில்ல நான் நெருப்பாண்ட கையைக் கொண்டுபோனப்போ ஓடியாந்து புடிச்சிக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க என் கை சுடுதா இல்லையான்னு பாத்துக்கிட்டு நின்னீங்க. இத்தினி வருசம் ஒங்களுக்குச் சோறு போட்ட கை அது."

அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சி. மலர்க்கொடி தூக்கை எடுத்துக்கிட்டு கொட்டாய்க்குப் போயி, தம்பிக்கு எலையைப் போட்டா. கத்திரிக்கா கொழம்பு வாசனை எங்க வரப்பு வரைக்கும் வந்துச்சி. பழனிவேலு அதைத் தாண்டித்தான் வூட்டுக்குப் போவணும். தாண்டிப் போனாரு. நான் சாயங்காலம் மோர் வாங்கப் போனப்போ தோட்டத்துல மூணு கல்லு முன்னால குந்திக்கிட்டு, சட்டிச் சோத்தை வடிக்க மூடியைப் புடிக்கத் தெரியாம கையைச் சுட்டுக்கிட்டு ஊதிக்கிட்டு இருந்தாரு. மலர்க்கொடி உள்ளேர்ந்து பாத்தா, வரல.